யாருக்குப் போகும்?

போன மாசியில் எங்கள் அப்பத்தா இறந்த ராத்திரி, சித்தப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஏத்தா, இது யாருக்குப் போகும்?" அப்பத்தாவின் கண்ணைத் தானமாகக் கொடுக்கலாமா என்று அப்போதுதான் நான் மெதுவாகப் பேச்செடுத்திருந்தேன். வாசலில் பந்தல்காரர் மூங்கிலை இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். சித்தப்பா கோபமாகக் கேட்கவில்லை. ஒரு பொருளை வீட்டை விட்டு வெளியே அனுப்பும்போது எந்தக் குடும்பத்தலைவரும் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வருடமாக என்னை விடவில்லை. பஸ்ஸில் போகும்போது, சமைக்கும்போது, செய்தி பார்க்கும்போது எல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். பருவநிலை மாற்றம், தொற்றுநோய், குடிநீர் என்று பேசிவிட்டு, "இவற்றுக்கெல்லாம் உலக நாடுகள் சேர்ந்துதான் தீர்வு காண வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார்கள். மண்டபம் முழுக்கக் கை தூக்கியது. நானும் தூக்கினேன், மனதாரத்தான். வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன். அன்றைக்கு எங்களில் யாரிடமும் எதையும் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மேலூர் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில், ராத்திரி பத்தரை மணிக்கு, முதல்முறையாக ஒருவர் கேட்டார். அப்போது என்னிடம் பதில் இல்லை.

சித்தப்பாவைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. அவர் ஊருக்கு உழைக்கிற மனிதர். கண்மாய் மடை அடைத்துக்கொண்டால் முதலில் மண்வெட்டியோடு போவது அவர்தான். 2021 சித்திரையில் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது, டீக்கடை பெஞ்சில் அவர் இதே கேள்வியைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அந்த ஜனவரியிலிருந்து இந்தியா பூடானுக்கும் மாலத்தீவுக்கும் இன்னும் பல நாடுகளுக்கும் தடுப்பூசி அனுப்பிக்கொண்டிருந்தது. "நம்ம சனத்துக்கே ஊசி இல்ல, எவனுக்குடா அனுப்புறாய்ங்க?" என்றார். அதில் நியாயம் இல்லாமலா இருந்தது? அரசு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்ற நாட்கள் அவை. தடுப்பூசி ஏற்றுமதி நின்றுபோனது. கோவேக்ஸ் திட்டம் ஏழை நாடுகளுக்குத் தர வேண்டிய ஊசிகளில் பெரும்பகுதிக்குப் புனேயில் உள்ள தடுப்பூசி ஆலையைத்தான் நம்பியிருந்தது. அதனால் முதல் ஊசி போட்டுக்கொண்ட ஆப்பிரிக்க நாட்டு மருத்துவப் பணியாளர்கள் பலர் இரண்டாவது ஊசிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே வாரங்களில் சிங்கப்பூரிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆக்சிஜன் கருவிகளோடு விமானங்கள் நம் நாட்டுக்கு வந்து இறங்கின. அங்கேயும் யாராவது ஒரு டீக்கடையில் "எவனுக்கு அனுப்புறாய்ங்க?" என்று கேட்டிருப்பார்கள். தங்கள் மக்கள்தொகையைப் போலப் பல மடங்கு ஊசியை முன்கூட்டியே வாங்கிக் குவித்த பணக்கார நாடுகளும் சித்தப்பாவின் கேள்வியைத்தான் கேட்டன. அவர் டீக்கடையில் கேட்டார், அவர்கள் ஒப்பந்தம் போட்டுக் கேட்டார்கள்.

ஆனால் அவருடைய மோட்டார் ரூம் சுவரில், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. வருடம் மாறினாலும் அந்தப் படத்தை மட்டும் வெட்டி ஒட்டி வைத்திருப்பார். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-ல் வைகையில் சேர்த்த அணை அது. அதற்கான குத்தகை 1886-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே 999 வருடத்துக்கு எழுதப்பட்டது. எங்கள் வயலில் நெல் விளைவதே இன்னொரு சீமையின் மழையில்தான். அது சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும். வருகிற தண்ணீரைக் கும்பிடுகிறவருக்குக் கொடுக்கிற நேரத்தில் ஏன் கை தயங்குகிறது என்று அன்றைக்கு நினைத்தேன். இப்போது கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். வாங்குவது நம் கண் முன்னால் நடக்கிறது. மடையைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. கொடுத்தது போய்ச் சேருகிற இடத்தை நாம் பார்ப்பதே இல்லை.

அப்பத்தாவின் கையும் கண்ணும்

அப்பத்தாவுக்கு 84 வயது. இடது கையின் மேல்பக்கம் வட்டமாக இரண்டு தழும்புகள் இருக்கும். சின்னப் பிள்ளையில் நான் அதைத் தடவிக்கொண்டே தூங்குவேன். அம்மை குத்திய தழும்பு. அவருக்கு முந்திப் பிறந்த அண்ணன் ஒருவர் வைசூரியில் போய்விட்டாராம். அப்படியும், அம்மை குத்த ஆள் வருகிறான் என்றால் பிள்ளைகள் எல்லாம் கண்மாய்க்கரைக்கு ஓடி ஒளிந்துகொள்வார்களாம். ஊர்த் தலையாரி போய்ப் பிடித்துக்கொண்டு வருவாராம். இதைச் சொல்லும்போது எண்பது வயதிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அந்தத் தழும்புக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. வைசூரியை உலகத்திலிருந்தே ஒழித்துவிடலாம் என்று 1958-ல் உலக சுகாதாரச் சபையில் முன்மொழிந்தவர் விக்டர் ஷ்தானோவ் என்ற சோவியத் மருத்துவர். பிறகு அந்தத் திட்டத்தை நடத்தியவர் டி. ஏ. ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். இரண்டு நாடுகளும் ஒன்றையொன்று நோக்கி அணுகுண்டுகளைத் திருப்பி வைத்திருந்த காலம் அது. சோவியத் நாடு கோடிக்கணக்கான தடுப்பூசிகளைத் தந்தது. 1974-ல் இந்தியாவில் லட்சத்துக்கும் அதிகமான பணியாளர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைத் தேடினார்கள். மறு வருடம் மே மாதம் இந்தியாவின் கடைசி வைசூரி நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். 1980-ல் நோயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். என் கையில் அந்தத் தழும்பு இல்லை. எனக்கு அது தேவைப்படவில்லை.

அப்புறம் கண். பத்து வருடத்துக்கு முன்னால் அப்பத்தாவுக்குப் புரை விழுந்தது. அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, யார் வந்தாலும் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். மேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை கண் முகாம் போட்டார்கள். பரிசோதித்து, அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கூட்டிப்போய், ஆப்பரேஷன் செய்து, சாப்பாடு போட்டு, திரும்ப ஊரில் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு பைசா வாங்கவில்லை. அந்த பஸ்ஸில் அவரை ஏற்றத்தான் படாத பாடு பட்டோம். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், தன் கண்ணைக் காட்டி, "நான் போயிட்டு வந்தேன்ல, பாரு" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அந்தக் கண்ணுக்குள் வைத்த லென்ஸ் மதுரையிலேயே தயாரானது. அரவிந்த் கண் மருத்துவமனையை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது மதுரைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆயிரக்கணக்கான கண்களுக்கு அவர் ஆப்பரேஷன் செய்ததும் தெரியும். அவ்வளவாகத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. வைசூரியை ஒழிக்க இந்தியாவில் வேலை செய்த நிக்கோல் கிராஸே, லாரி பிரில்லியண்ட் போன்றவர்கள் அந்த வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. 1978-ல் சேவா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை எடுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். டாக்டர் வெங்கடசாமியும் அவர்களோடு ஆரம்பத்திலிருந்தே இருந்தார். வெளிநாட்டு லென்ஸ் ஒன்று நூறு டாலருக்கு மேல் விற்ற காலத்தில், லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தை இங்கே கொண்டுவர அவர்கள் உதவினார்கள். 1992-ல் ஆரோலேப் தொடங்கியது. பத்து டாலர் அளவுக்கு லென்ஸ் கிடைத்தது. இன்றைக்கு அந்த லென்ஸ்கள் மதுரையிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகின்றன.

ஆக, கையில் சோவியத்தும் அமெரிக்காவும் சேர்ந்து முடித்துவைத்த ஒரு வேலையின் தழும்பு. கண்ணில் உலகம் முழுக்கப் போகிற லென்ஸ். அப்பத்தா மேலூர் தாலுகாவைத் தாண்டிப் போனது மதுரைக்கும் பழனிக்கும் அழகர்கோயிலுக்கும்தான்.

அந்த ஆறு மணி நேரம்

அப்பத்தா இறந்தது ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும் என்று எனக்குத் தெரியும். மின்விசிறியை நிறுத்தினேன். இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்தேன். தலைக்கு உயரமாகத் தலையணை வைத்தேன். இதற்கெல்லாம் யாரும் என்னைக் கேள்வி கேட்கவில்லை, ஏதோ முறை என்று விட்டுவிட்டார்கள். அதன் பிறகுதான் திண்ணைக்கு வந்து சித்தப்பாவிடம் சொன்னேன். என் அப்பா இறந்து எட்டு வருடமாகிறது. சித்தப்பாவும் அத்தையும் கையெழுத்துப் போட்டால்தான் முடியும். உயிரோடு இருக்கும்போது உறுதிமொழி எழுதியிருந்தாலும்கூட, கடைசியில் குடும்பத்தார் சம்மதம்தான் வேண்டும்.

"யாருக்குப் போகும்? நம்ம ஆளுகளுக்கா? இல்ல எங்கயோ உள்ளவனுக்கா? காசுக்கு வித்துருவாய்ங்கத்தா" என்றார். நான் வரிசையாகச் சொன்னேன். விற்கக் கூடாது என்று 1994-ல் சட்டமே வந்திருக்கிறது சித்தப்பா. முகம் விகாரமாகாது. புரை ஆப்பரேஷன் செய்திருந்தாலும் கருவிழி நன்றாக இருந்தால் கொடுக்கலாம். அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், காலையில் எடுக்கிறதுக்கு ஒரு தடங்கலும் வராது. அவர் எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு மறுபடியும், "சரித்தா, யாருக்குப் போகும்னு சொல்லு" என்றார். பேரும் ஊரும் தெரியாத ஒருவருக்கு என்பதைத் தவிர என்னிடம் சொல்ல வேறு இல்லை. மணி பத்தே முக்கால், பதினொன்று என்று போய்க்கொண்டிருந்தது. பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர், கண்ணில்லாமல் போனால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறக்கும் என்றார். கண்ணப்பர் கண்ணைப் பிடுங்கிக் கொடுத்துத்தானே நாயன்மார் ஆனார் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. துக்க வீட்டில் வாதம் செய்வது எனக்கே அசிங்கமாக இருந்தது. விட்டுவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அதுதான் உண்மை.

அப்போது அத்தை எழுந்து வெளியே வந்தார். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது. எங்கள் பேச்சை உள்ளே இருந்தே கேட்டிருக்கிறார். சித்தப்பாவுக்கு மூத்தவர் அவர். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னார். "ஏப்பா, ஆத்தாவுக்குக் கண்ணுல ஒண்ணு வச்சாய்ங்கள்ல. அது யாரு குடுத்ததுன்னு நீ கேட்டியா? நான் கேக்கல. ஆத்தாவும் கேக்கல. வந்துச்சு, வாங்கிக்கிட்டோம். பத்து வருசம் பேரப்பிள்ளைக மூஞ்சியப் பாத்துச்சு."

யாரும் ஒன்றும் பேசவில்லை. பந்தல்காரர்கூட கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டு நின்றார். அத்தை என்னைப் பார்த்து, "வரச் சொல்லுத்தா" என்றார்.

சித்தப்பா தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். நான் போன் செய்தேன். நடுராத்திரி ஒரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். தெருமுனையிலேயே நின்று, வழி காட்டி, வண்டியை வீட்டுக்குக் கூட்டி வந்தது சித்தப்பாதான். கொஞ்ச நேரம் அறையை ஒதுக்கிக் கொடுத்தோம். ரத்த மாதிரி எடுத்தார்கள். தாளில் அத்தை முதலில் கையெழுத்துப் போட்டார், அடுத்து சித்தப்பா. சாட்சிக்கு இரண்டு பேர். வேலை முடிந்ததும் வந்தவர்களில் ஒருவர், சின்னப் பையன், அப்பத்தாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். அத்தை உள்ளே போய் முகத்தைப் பார்த்தார். தூங்குகிற மாதிரியேதான் இருந்தது.

கடல் தாண்டிப் போன கண்கள்

அதன் பிறகு நிறையப் படித்தேன். உலகத்தில் வெற்றிகரமான முதல் கருவிழி மாற்று 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டின் ஓலமௌட்ஸ் நகரத்தில் நடந்தது. எட்வர்ட் சிர்ம் என்பவர் செய்தார். வாங்கிக்கொண்டவர் அலாய்ஸ் குளோகர் என்ற கூலித் தொழிலாளி, சுண்ணாம்பு பட்டுப் பார்வை போனவர். கொடுத்தது, கண்ணில் இரும்புத் துகள் புகுந்ததால் அந்தக் கண்ணையே எடுக்க வேண்டிவந்த பதினொரு வயதுப் பையன். கருவிழியில் ரத்தநாளங்கள் கிடையாது. அதனால் ரத்த வகை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. சிறுநீரகத்துக்கு இருக்கிற பொருத்தப் பிரச்சினை பெரும்பாலும் இதற்கு இல்லை. கருவிழி நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் யாருடையதையும் யாருக்கும் வைக்கலாம். 2016-ல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வின் கணக்குப்படி சுமார் 1.27 கோடிப் பேர் கருவிழிக்காகக் காத்திருக்கிறார்கள். தேவைப்படும் 70 பேருக்கு ஒரு கருவிழிதான் கிடைக்கிறது.

இதில் என்னை நிற்க வைத்தது இலங்கை. ஹட்சன் சில்வா என்ற மருத்துவர் 1958-ல், செத்த கண்ணுக்கு உயிர் கொடுங்கள் என்று பத்திரிகையில் கேட்டு எழுதினார். 1960-ல் அவருடைய அம்மா இறந்தபோது அவர் கண்ணையே எடுத்து ஓர் ஏழைக்கு வைக்க வழி செய்தார். மறு வருடம் கண்தானச் சங்கம் தொடங்கியது. உள்நாட்டுத் தேவைக்கு மேல் வந்த கருவிழிகளை 1964-ல் சிங்கப்பூருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இதுவரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருக்கின்றன. பாகிஸ்தானுக்கு மட்டும் 30,000-க்கும் மேல். சிங்கள கிராமத்து பௌத்தர்களின் கண்ணால் கராச்சியில் யாரோ குர்ஆன் ஓதுகிறார்கள். இலங்கையில் அந்த பௌத்தர்கள் சொல்லிக்கொள்வது சிபி அரசனின் ஜாதகக் கதை, புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்று. நமக்கும் சிபியைத் தெரியும், புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்தவன், சோழர்களின் முன்னோன். அவர்கள் கதையில் அவன் கண்ணைக் கொடுக்கிறான்.

இலங்கை என்று எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நிற்கிறது. ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் இலங்கைத் தமிழர் அகதி முகாம்களில் இருக்கிறவர்களைத் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தத் தீவு நம் ஆட்களுக்குச் செய்ததை இந்தக் கண்கள் ஈடுகட்டாது. அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்தத் தீவில் ஏதோ ஒரு வீட்டில் ராத்திரி நேரத்தில் ஒரு மகளோ மகனோ "வரச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறார்கள், ஆயிரம் ஆயிரம் முறை. அதையும் மறைக்க முடியாது. அரசுகள் கையெழுத்துப் போட்டு நடந்ததல்ல அது.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் எவ்வளவு பேருக்கு வருகிறது என்று அரவிந்த் மருத்துவர்களும் சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்களும் சேர்ந்து கணக்கெடுத்து 1996-ல் வெளியிட்டார்கள். வருடத்துக்கு லட்சம் பேரில் 113 பேர். அமெரிக்காவின் ஒரு வட்டாரத்தில் கண்ட அளவைப் போலப் பத்து மடங்கு. நம் பக்கம் இது பெரும்பாலும் வயல்வேலை செய்கிறவர்களின் நோய். கதிர் அறுக்கும்போது தாள் கீறும், தூற்றும்போது உமி விழும், கசக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள், அது புண்ணாகிப் பார்வையைக் கொண்டுபோய்விடும். நேபாளத்தில் பக்தபூர் என்ற இடத்தில் ஊர்த் தொண்டர்களிடம் ஒரு சாதாரண கண் களிம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். கீறல் பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு போட ஆரம்பித்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. அதையே பிறகு பூடானிலும் பர்மாவிலும் மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலும் செய்து பார்த்தார்கள். பக்தபூரில் ஒரு பெண் அண்டை வீட்டுக்காரரின் கண்ணில் போட்ட களிம்பு, நம் ஊர் அறுவடைக்காரரின் கண்ணைக் காப்பாற்ற வழி காட்டியிருக்கிறது.

இதைச் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கலாம். "நம்ம ஊர்ல கதிர் அறுக்கிற ஆளுக்கே போகலாம் சித்தப்பா" என்றால் அன்றைக்கே சம்மதித்திருப்பார். அது பொய்யும் இல்லை. ஆனாலும் அப்படி அவரைச் சம்மதிக்க வைக்காதது நல்லது என்றுதான் இப்போது நினைக்கிறேன். நம் ஆளுக்கு என்று சொல்லி வாங்கினால், அடுத்த முறை நம் ஆள் இல்லாதபோது எதைச் சொல்வது? கூட்டங்களில் பேசுகிறவர்களும் இந்தத் தவற்றைத்தான் செய்கிறார்கள். உலகத்துக்கு உதவினால் நமக்கும் லாபம் என்றே எப்போதும் சொல்கிறார்கள். லாபம் கண்ணுக்குத் தெரியாத வருடத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. 2021-ல் எடுபடவில்லை. அத்தை லாபக் கணக்குப் பேசவில்லை, வாங்கிய கணக்கைப் பேசினார்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரு கருவிழி ஒருவருக்குப் பொருத்தப்பட்டதாகவும், இன்னொன்று பொருத்துவதற்கு ஏற்றதாக இல்லாததால் மருத்துவப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். பேர் இல்லை, ஊர் இல்லை. சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "ஆணா பொண்ணா, அதையாச்சும் போடலாம்ல" என்றார். கடிதத்தை வாங்கி, இரண்டு முறை மடித்து, பென்னிகுயிக் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அடுப்படிக் கதவின் உள்பக்கத்தில், கேஸ் கம்பெனி நம்பருக்கும் பால்காரர் நம்பருக்கும் கீழே, கண் வங்கி நம்பரைக் கரித்துண்டால் யாரோ பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். அத்தைக்கு எழுத்து அவ்வளவு நேராக வராது. அந்த நம்பரில் இருக்கிற 7-க்குக் குறுக்கே கோடு போட்டு எழுதுகிறவர் எங்கள் வீட்டில் ஒரே ஒருவர்தான்.